வழி யாருடையது?

ராஜாக்கள் போட்ட சாலைகளுக்குச் சரித்திரப் புத்தகத்தில் இரண்டு வரியாவது கிடைத்துவிடும். எந்த ராஜா, எந்த வருஷம், எத்தனை மைல் என்று எழுதியிருப்பார்கள். ஒற்றையடிப் பாதைக்கு அந்த யோகம் இல்லை. முதலில் நடந்தவர் யார், எதற்காக நடந்தார் என்று ஒருவரும் குறித்து வைப்பதில்லை. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ராஜபாட்டையைவிட ஒற்றையடிப் பாதையில்தான் அதிக விஷயம் அகப்படுகிறது. மனிதர்களுடைய பசி, பேராசை, பிடிவாதம் எல்லாம் அந்த ஓரடி அகலத்துக்குள்தான் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகின்றன.

அப்படி ஒரு பாதையின் கதையை இங்கே சொல்லப் போகிறேன். அது அமெரிக்காவில், அரிஜோனா மாகாணத்தில், கிராண்ட் கான்யன் என்ற மாபெரும் பள்ளத்தாக்கில் இருக்கிறது. பெயர் பிரைட் ஏஞ்சல் பாதை.

கிராண்ட் கான்யனைப் படத்தில் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. வறண்ட மேட்டு நிலத்தைக் கொலராடோ நதி பல லட்சம் ஆண்டுகளாக அறுத்து அறுத்து உண்டாக்கிய பிளவு அது. நீளம் 446 கிலோமீட்டர். அகலம் சில இடங்களில் 29 கிலோமீட்டர். ஆழம் சில இடங்களில் ஆயிரத்து அறுநூறு மீட்டருக்கும் மேல். விளிம்பில் நிற்கிறவனுக்கு அடியில் ஓடும் நதி ஒரு நூலாகத் தெரியும். பல இடங்களில் அதுவும் தெரியாது. வருகிறவர்களில் பெரும்பாலோர் விளிம்பில் நின்று பார்த்து, பெருமூச்சு விட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கால் நடுங்காத சிலர்தான் உள்ளே இறங்குகிறார்கள்.

இந்த இறங்குதலில் ஒரு சூது இருக்கிறது. மலை என்றால் கஷ்டம் முதலில் வரும். முடியாதவன் பாதியில் திரும்பிவிடலாம். பள்ளத்தாக்கு அப்படி நியாயமாக நடந்துகொள்வதில்லை. காலைக் குளிரில் உற்சாகமாக இறங்கச் சொல்லும். இறங்க இறங்க வெயில் ஏறும். நதிக்கரைக்குப் போய்ச் சேரும்போது கோடைக்காலமானால் நாற்பது டிகிரிக்கு மேல் கொதிக்கும். கால் ஓய்ந்து, தண்ணீர் தீர்ந்து, உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிற அந்த நேரத்தில்தான், வந்த வழி முழுவதும் செங்குத்தாக எழுந்து நின்று, "இனி ஏறு" என்று சொல்லும். விளிம்பிலிருந்து நதிக்குப் போய் ஒரே நாளில் திரும்ப முயல வேண்டாம் என்று பூங்கா அதிகாரிகள் ஓயாமல் எச்சரிப்பது இதனால்தான். எளிதானது முதலில், கடினமானது பின்னால். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பாதையின் சரித்திரமும் அதே மாதிரிதான் போகிறது.

முதலில், அங்கே பாதை எப்படி உண்டாயிற்று என்பதைப் பார்ப்போம். பள்ளத்தாக்கின் சுவர் அடுக்கடுக்காக இருக்கிறது. நடுவில் சிவந்த சுண்ணாம்புக்கல் அடுக்கு ஒன்று, நூற்றைம்பது மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், கோட்டை மதில்போல மைல் கணக்காக ஓடுகிறது. அதில் கை வைக்கவோ கால் வைக்கவோ இடம் கிடையாது. எங்கே பூமியே ஒரு காலத்தில் முறிந்து, பாறை நொறுங்கிச் சரிந்து கிடக்கிறதோ, அங்கே மட்டும்தான் இறங்க முடியும். அத்தகைய முறிவுகளில் ஒன்றின் வழியாகத்தான் பிரைட் ஏஞ்சல் பாதை போகிறது. எந்த இன்ஜினீயரும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. பூமி விட்டுக்கொடுத்தது, காட்டு ஆடுகளும் மான்களும் கண்டுபிடித்திருக்கும், பிறகு மனிதன் நடந்தான்.

எந்த மனிதன்? பள்ளத்தாக்கின் குகைகளில் குச்சிகளைப் பிளந்து மடக்கிச் செய்த சிறிய மிருகப் பொம்மைகள் கிடைத்திருக்கின்றன. சிலவற்றின் வயது நாலாயிரம் ஆண்டுகள் வரை போகிறது. அந்தப் பொம்மைகளைச் செய்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. பிற்காலத்தில் இந்தப் பாதையைத் தங்கள் பாதையாகக் கொண்டு நடந்தவர்களின் பெயர் தெரியும். அவர்கள் ஹவசுபாய் மக்கள். நீலப்பச்சை நீரின் மக்கள் என்பது அந்தப் பெயரின் அர்த்தம். கோடையில் பள்ளத்தாக்கினுள் ஊற்று உள்ள இடங்களில் சோளம், அவரை, பூசணி பயிரிடுவார்கள். குளிர்காலத்தில் மேட்டு நிலத்துக்கு ஏறி வேட்டையாடுவார்கள். ஆகவே மேலும் கீழும் போய்வரும் வழி அவர்களுக்கு உல்லாசம் அல்ல, ஜீவனம்.

விளிம்பிலிருந்து சுமார் ஏழு கிலோமீட்டர் இறங்கினால், பாலைவனத்தின் நடுவே பச்சைத் துணியை விரித்ததுபோல ஓர் இடம் வரும். வற்றாத ஓடை, அதன் கரையில் மரங்கள். ஹவசுபாய் மக்கள் அதை ஹா-ஆ கியோ என்று அழைத்தார்கள். அங்கே தோட்டம் போட்டுக் குடியிருந்தார்கள். பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் அதற்கு 'இந்தியன் கார்டன்' என்று பெயர் வைத்தார்கள். பெயரைப் பார்த்து நம்மவர் யாரோ அங்கே போய்த் தோட்டம் போட்டதாக யாரும் பெருமைப்பட வேண்டாம். எல்லாம் கொலம்பஸ் செய்த குழப்பம்.

வெள்ளைக்காரர்கள் இந்தப் பள்ளத்தாக்கை முதலில் பார்த்தது 1540-ஆம் ஆண்டில். கார்தெனாஸ் என்ற ஸ்பானிஷ் தளபதி, தங்க நகரங்களைத் தேடி வந்த படையிலிருந்து பிரிந்து, ஹோப்பி மக்கள் வழிகாட்ட இங்கே வந்தார். சுறுசுறுப்பான மூன்று பேர் நதிக்கு இறங்க முயன்றார்கள். மூன்றில் ஒரு பங்கு போவதற்குள் திரும்பிவிட்டார்கள். மேலிருந்து பார்த்தபோது ஆள் உயரமாகத் தெரிந்த பாறைகள், கிட்டே போனால் செவில் நகரத்துக் கோபுரத்தைவிட உயரமாக இருந்தனவாம். அக்கம்பக்கத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி ஏறிய பள்ளம்தான் அது. ஆனால் அந்த விருந்தாளிகளுக்கு வழி அகப்படவில்லை. வழிகாட்டிகள் வேண்டுமென்றேதான் காட்டவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம். காட்டாதிருந்தால் அது நல்ல புத்திதான்.

அதற்குப் பிறகு முந்நூறு ஆண்டுகள் பெரிய தொந்தரவு இல்லை. 1858-இல் ஐவ்ஸ் என்ற ராணுவ அதிகாரி வந்து பார்த்துவிட்டு, ஒரு லாபமும் இல்லாத இந்த இடத்துக்கு எங்களுக்குப் பிறகு வேறு வெள்ளையர் வரமாட்டார்கள் என்ற கருத்தில் அறிக்கை எழுதினார். ஜோசியம் பலிக்கவில்லை. பதினோரு ஆண்டுகளில், உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்த ஜான் வெஸ்லி பவல், படகுகளில் நதியோடு வந்து பள்ளத்தாக்கை முழுவதும் கடந்துவிட்டார். வழியில் ஒரு கலங்கல் ஆற்றுக்கு 'அழுக்குப் பிசாசு' என்று பெயர் வைத்திருந்தார். இங்கே தெளிந்த ஓடை ஒன்றைக் கண்டதும், அதற்கு ஈடாக, 'ஒளிமிக்க தேவதூதன்' என்று பொருள்படும் பிரைட் ஏஞ்சல் என்ற பெயரைச் சூட்டினார். நம்முடைய பாதைக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

1882-இல் முதல் அடி விழுந்தது. அமெரிக்க ஜனாதிபதி செஸ்டர் ஆர்தர் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். அதன்படி ஹவசுபாய் மக்களுக்கு உரிய நிலம், மேற்கே ஒரு கிளைப் பள்ளத்தாக்கின் அடியில் 518 ஏக்கர். அவ்வளவுதான். வேட்டையாடிய மேட்டு நிலமும் மற்றத் தோட்டங்களும் ஒரு பேனாக் கீறலில் சர்க்காருக்குப் போயின. இறங்குவது எளிது என்று சொன்னேன் அல்லவா?

அதே காலத்தில் செம்பும் கல்நாரும் தேடிச் சுரங்கக்காரர்கள் வந்தார்கள். தாது இருந்தது, அதை ஒரு மைல் உயரம் கழுதைமேல் ஏற்றிக் கொண்டுவந்து விற்றால் கூலிக்கும் காணவில்லை. ஆனால் அவர்கள் கெட்டிக்காரர்கள். தோண்டாமலே கிடைக்கும் தாது ஒன்று இருக்கிறது என்று சீக்கிரமே கண்டுகொண்டார்கள். வேடிக்கை பார்க்க வரும் யாத்திரிகர்கள்தான் அந்தத் தாது. ஜான் ஹான்ஸ் என்ற சுரங்கக்காரர், இந்தப் பள்ளம் முழுவதையும் தோண்டியது நானே என்று வந்தவர்களிடம் அளந்துவிட்டே பிழைப்பு நடத்தினார். அவர் பாதை போட்டார், பொய் சொன்னார், புகழும் பெற்றார். அவரால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை.

ரால்ப் காமரான் வேறு ரகம். அவரும் அவருடைய கூட்டாளிகளும் 1890-91-இல் ஹவசுபாய் மக்களின் பழைய தடத்தை வெட்டி அகலப்படுத்தி, கோவேறு கழுதை போகிற வழியாக்கினார்கள். பிறகு அதை நதி வரைக்கும் நீட்டினார்கள். உழைப்பு உண்மையான உழைப்புதான்; அதை மறுக்கக் கூடாது. ஆனால் 1901-இல் விளிம்பு வரைக்கும் ரயில் வந்தது. கூட்டம் வந்தது. பாதையின் தலைப்பில் காமரானின் சுங்கச் சாவடி முளைத்தது. ஒரு டாலர் கொடுத்தால் இறங்கலாம். பள்ளத்தாக்கைப் படைத்தவன் பணம் கேட்கவில்லை; காமரான் கேட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பது இதுதான்.

அதோடு அவர் நிற்கவில்லை. பாதையின் தலைப்பு, நடுவில் உள்ள தோட்டம் என்று முக்கியமான இடங்களிலெல்லாம் சுரங்க உரிமை கோரிப் பதிவு செய்து வைத்தார். அடியில் தாது இருக்கிறதா என்பது அவருக்கு அக்கறை இல்லாத கேள்வி. மேலே நடக்கிறவன் தன்னைத் தாண்டிப் போக முடியாது என்பது போதும். ரயில் கம்பெனிக்கு இது பொறுக்கவில்லை. அது 1910-களின் தொடக்கத்தில் சற்று மேற்கே ஹெர்மிட் என்ற பெயரில் சொந்தப் பாதை ஒன்றையே போட்டுக்கொண்டது. ஒரு சுங்கச் சாவடியைச் சுற்றிப் போவதற்காக ஒரு மலைப்பாதை!

1908-இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பள்ளத்தாக்கைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். காமரான் அசையவில்லை. இவ்வளவு பெரிய இடத்தை நினைவுச் சின்னம் என்று சொல்ல ஜனாதிபதிக்கு அதிகாரம் ஏது என்று வழக்காடினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1920-இல் தீர்ப்பு வந்தது. ஜனாதிபதியின் அறிவிப்பு செல்லும். பாதைத் தலைப்பில் காமரான் கோரிய இடத்தில் உரிமை தரத்தக்க தாது இல்லை. ஆகவே அவருடைய உரிமை செல்லாது. தோற்றவர் என்ன செய்தார்? அதே ஆண்டில் தேர்தலில் நின்று ஸெனட்டர் ஆகிவிட்டார்! தம்மை எதிர்த்த பூங்காத் துறையின் செலவுப் பணத்துக்கே ஸெனட்டில் கத்தரி போடப் பார்த்தார். நான் இப்படி ஒரு பாத்திரத்தைத் தொடர்கதையில் படைத்திருந்தால், நம்பும்படியாக இல்லை என்று வாசகர்கள் கடிதம் எழுதியிருப்பார்கள்.

இதற்கிடையில் 1919-இல் அந்த இடம் தேசியப் பூங்காவாகிவிட்டது. பாதையின் சுங்க உரிமையோ 1912 முதல் கோகொனினோ என்ற ஜில்லா நிர்வாகத்தின் கையில் இருந்தது. பூங்காத் துறை விலை பேசிப் பார்த்தது. 1924-இல் ஜில்லா ஜனங்கள் ஓட்டுப் போட்டு, விற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வாஷிங்டனிலிருந்து வருகிறவனுக்கு நம் ஊர் வழியை ஏன் கொடுக்க வேண்டும் என்ற ரோஷம் அதில் இருந்தது. அந்த ரோஷம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வழி தங்களுக்கு எப்படி வந்தது என்று அவர்கள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

பூங்காத் துறையும் ரோஷத்தில் சளைக்கவில்லை. அதே 1924-ஆம் ஆண்டு டிசம்பரில் கிழக்கே வேறொரு பாதையை வெட்ட ஆரம்பித்தது. மேலிருந்து ஒரு கூட்டம், கீழிருந்து ஒரு கூட்டமாக வெடி வைத்துப் பாறையைத் தகர்த்து, 1925 ஜூன் மாதத்துக்குள் முடித்தார்கள். தெற்கு கைபாப் பாதை என்று அதற்குப் பெயர். பழைய பாதை, தண்ணீரைத் தேடிப் போகிறவனின் பாதை. ஓடையை ஒட்டி மலை மடிப்புக்குள் ஒதுங்கிச் செல்லும். புதிய பாதை, எதிரியைத் தோற்கடிக்கப் போட்ட பாதை. மலையின் முதுகெலும்பின்மேல் இருபுறமும் பள்ளம் தெரிய நிமிர்ந்து இறங்கும். காட்சிக்குக் குறைவில்லை, வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. இன்றைக்கும் அங்கே நடக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தொண்டையில் உணர்கிறார்கள். இரண்டு கட்சிகளின் வழக்கு அது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ?

இனி 1928-ஆம் ஆண்டுக்கு வருவோம். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அந்த ஒரு வருஷத்துக்காகத்தான்.

அந்த ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன.

முதலாவது, சர்க்கார் போட்டுக்கொடுக்கும் ஒரு சாலைக்குப் பதிலாக, ஜில்லா நிர்வாகம் பிரைட் ஏஞ்சல் பாதையைப் பூங்காத் துறையிடம் ஒப்படைத்தது. காமரானும் 1926 தேர்தலில் கார்ல் ஹேடன் என்பவரிடம் தோற்றுப் பதவி இழந்திருந்தார். சுங்கம் ஒழிந்தது. பாதை பொதுச் சொத்தாயிற்று. நல்ல காரியம், கைதட்ட வேண்டிய காரியம்.

இரண்டாவது, தெற்கு கைபாப் பாதையின் அடியில், கொலராடோ நதியின் குறுக்கே தொங்குபாலம் ஒன்று கட்டி முடிந்தது. அதற்கு முன் 1907 முதல் கம்பியில் தொங்கும் கூண்டு ஒன்றும், 1921 முதல் ஊஞ்சலாடும் பாலம் ஒன்றும் இருந்தன. புதிய பாலம் உறுதியானது. அதைத் தாங்க எட்டு எஃகு வடங்கள் வேண்டியிருந்தன. ஒவ்வொன்றும் 168 மீட்டர் நீளம், கிட்டத்தட்ட ஒரு டன் எடை. வடத்தை வெட்டித் துண்டாக்கினால் பாலத்துக்கு உதவாது. துண்டாக்காமல், கொண்டை ஊசி வளைவுகளில் கழுதைமேல் ஏற்றவும் முடியாது. என்ன செய்வது?

ஹவசுபாய் மக்களைக் கூப்பிட்டார்கள். நாற்பத்திரண்டு பேர் வரிசையாக நின்று, ஒரு வடத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு, ஆளுக்கு நாலு மீட்டர் இடைவெளியில், ஒரு நீண்ட பாம்பு மலையிறங்குவதுபோல அந்தத் தண்ணீரில்லாப் பாதையில் நடந்தார்கள். கணக்குப் பார்த்தால் ஒரு தோளுக்கு இருபத்துமூன்று கிலோ. எடை பெரிதல்ல. ஆனால் ஒருவன் கால் இடறினால் மற்ற நாற்பத்தொரு தோள்களும் இழுபடும். வளைவில் முன்னால் போகிறவன் கீழே ஒரு திசையிலும் பின்னால் வருகிறவன் மேலே எதிர்த் திசையிலும் நடப்பான். எல்லாரும் ஒரே உடம்பாக நடந்தால்தான் உண்டு. அப்படி எட்டு வடங்களையும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

மூன்றாவது காரியம், நடுவழியில் இருந்த தோட்டத்தில் நடந்தது. ஹா-ஆ கியோவில் கடைசியாகக் குடியிருந்த ஹவசுபாய் மனிதர், கேப்டன் புர்ரோ என்று அழைக்கப்பட்டவர். புர்ரோ என்றால் ஸ்பானிஷ் மொழியில் கழுதை. அந்தப் பெயரில்தான் வெளியுலகம் அவரை அறிந்தது. அதே 1928-ஆம் ஆண்டில் பூங்காத் துறை அவரைத் தோட்டத்திலிருந்து பலவந்தமாக வெளியேற்றியது.

பூங்காவை உண்டாக்கிய 1919-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, மந்திரி விரும்பினால், ஹவசுபாய் மக்களில் தனிப்பட்டவர்கள் பூங்காவினுள் பயிர் செய்ய நிலம் அனுமதிக்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. மந்திரி விரும்பினால்! சட்டத்தில் கருணையை வைத்தார்கள். சாவியை அதிகாரியிடம் கொடுத்தார்கள்.

இந்த மூன்று காரியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு சங்கடப்படுகிறது. காமரானை வில்லன் என்று சொல்லிக் கதையை முடித்துவிடலாம், அது சௌகரியம். அவரை எதிர்த்தவர்கள் நல்லவர்கள்தான். பள்ளத்தாக்கு ஒரு மனிதனின் பெட்டிக்கடை ஆகக் கூடாது, அது ஜனங்கள் எல்லாருக்கும் சொந்தம் என்று இருபது ஆண்டுகள் போராடினார்கள். அந்தப் போராட்டம் இல்லாவிட்டால் இன்றைக்கு அந்த விளிம்பு முழுவதும் வேலியும் விலைப்பலகையுமாக இருந்திருக்கும். ஆனால் 'ஜனங்கள் எல்லாரும்' என்று அவர்கள் எழுதியபோது, யார் யாரை எண்ணினார்கள்? ரயிலில் வருகிறவனை எண்ணினார்கள். மோட்டாரில் வருகிறவனை எண்ணினார்கள். தோட்டத்தில் சோளம் நட்டுக்கொண்டிருந்தவனை எண்ண மறந்தார்கள். இயற்கை என்றால் மனிதனே இல்லாத இடம் என்று ஒரு கொள்கை அவர்களுக்கு இருந்தது. அந்தக் கொள்கைப்படி, பார்த்துவிட்டுப் போகிறவன் இயற்கைக்கு நண்பன். அங்கேயே பிறந்து வளர்ந்தவன் இடைஞ்சல். காமரான் வழிக்கு விலை கேட்டார். இவர்கள் விலை கேட்கவில்லை. விலை கேட்கிறவனோடு பேரம் பேசலாம். ஊர் நன்மைக்காக என்று சொல்லிக்கொண்டு வருகிறவனோடு பேரம் பேச முடியாது.

ஏற்றம் பிறகு வந்தது, மெதுவாகத்தான் வந்தது. ஹவசுபாய் மக்கள் மனுப் போட்டார்கள், வாஷிங்டனுக்குப் போனார்கள், மறுபடியும் மனுப் போட்டார்கள். நிலத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று எதிர்த்தவர்களில் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தாரும் இருந்தார்கள். கடைசியில் 1975 ஜனவரி 3-ஆம் தேதி, ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம் 1,85,000 ஏக்கர் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. 1882-இலிருந்து கணக்கிட்டால் தொண்ணூற்றுமூன்று ஆண்டுகள். ஒரு கையெழுத்தில் இறங்கிய பள்ளத்தை ஏறிக் கடக்க மூன்று தலைமுறைகள் ஆயின.

ஆனால் ஹா-ஆ கியோ அந்த நிலத்தில் சேரவில்லை. அது பூங்காவிலேயே இருக்கிறது. 2022 நவம்பரில், ஹவசுபாய் மக்கள் கேட்டுக்கொண்டபடி, 'இந்தியன் கார்டன்' என்ற பெயரை எடுத்துவிட்டு 'ஹவசுபாய் கார்டன்ஸ்' என்று அதிகாரபூர்வமாக மாற்றினார்கள். 2023 மே மாதத்தில் அதற்கு ஒரு விழாவும் நடந்தது. தோட்டம் திரும்பவில்லை, பெயர் திரும்பியது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டைப் பறிகொடுத்தவனைக் கேட்டால், வாசலில் தன் பெயர்ப்பலகை மாட்டியிருப்பதில் கொஞ்சம் இருக்கிறது என்பான். போதும் என்று மட்டும் சொல்லமாட்டான்.

இன்றைக்கு அந்தப் பாதையில் நடக்கிறவர்கள் ஒரு டாலரும் சுங்கம் கொடுக்க வேண்டாம். தோட்டத்து மர நிழலில் உட்கார்ந்து இளைப்பாறலாம். இன்னும் இறங்கி நதிக்குப் போனால், 1928-இல் கட்டிய தொங்குபாலம் அப்படியே நிற்கிறது. மனிதர்களும் கோவேறு கழுதைகளும் அதன்மேல் நதியைக் கடக்கிறார்கள். அதன் எட்டு வடங்களும் மேலிருந்து எப்படி வந்து சேர்ந்தன என்று அங்கே நிற்கிற யாராவது தம் குழந்தைக்குச் சொன்னால், அந்த வழிக்கு நியாயமாகக் கொடுக்க வேண்டிய சுங்கத்தில் ஒரு பகுதியைக் கொடுத்ததாக நான் எடுத்துக்கொள்வேன்.